கணினி நிலப்படக் கோப்புகளை ஒழுங்காகப் பேணும் முறை

குளத்தின் கீழுள்ள வயல்களையும் வாய்க்கால்களையும் கணினியிற் படமாக வரையும் வழக்கம் இப்பொழுது பரவி வருகின்றது. கியூஜிஐஎஸ் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைப்பதால், உத்தியோகத்தர் மட்டுமன்றிக் கமக்காரர் அமைப்பினரும் அதனைக் கையாளலாம். ஆயினும் படத்தை வரைவதிற் காட்டும் கவனத்தை, அதனைப் பேணுவதிற் பலர் காட்டுவதில்லை.

இதனால் வரும் நட்டம் எமக்கே ஒருமுறை நேர்ந்தது. குளத்தில் நீர் குறைந்திருந்த ஒரு சிறுபோகத்தில், எந்த வாய்க்காலின் கீழ் எத்தனை ஏக்கர் விதைப்பதெனத் தீர்மானிக்கும் கூட்டத்துக்குத் திட்டக் கோப்பை மட்டும் பென்ட்ரைவிற் கொண்டு சென்றோம். திறந்தபோது, படைகளைக் காணவில்லை என்னும் அறிவித்தலும் வெறுந்திரையுமே தோன்றின. இரண்டு கிழமையாக அளந்தவை அலுவலகக் கணினியிற் கிடந்தன. பழைய இடாப்பைக் கொண்டே அன்று பங்கீடு நடந்தது. வாய்க்காலின் கடைக்கோடியிலிருந்த சிலரின் வயல் அதிற் குறைவாகவே பதியப்பட்டிருந்தது.

காரணம் எளிது. திட்டக் கோப்பினுள் வயல்களின் அளவுகள் இருப்பதில்லை. எப்படை எங்கே உள்ளது, எந்நிறத்திற் காட்டப்படவேண்டும் என்னும் குறிப்புகளே உள்ளன. அது விதைநெல் மூடை அன்று. மூடை எந்த அறையில் உள்ளதென எழுதிய துண்டு மாத்திரமே.

ஆகவே பின்வரும் முறைகளைக் கைக்கொள்ளுதல் நன்று.

1. ஒரு வேலைக்கு ஒரு தாய்க் கோப்புறை அமைக்குக. திட்டக் கோப்பை அதில் வைத்து, ‘மூலம்’, ‘வேலை’, ‘வெளியீடு’, ‘குறிப்பு’ என நான்கு உட்கோப்புறைகளை ஆக்குக. பிறரிடமிருந்து பெற்றவற்றை மூலத்தில் இட்டு, அவற்றை ஒருபோதும் திருத்தலாகாது, பிரதியையே திருத்துக.

2. எப்படையையும் முதலில் இக்கோப்புறையுட் பிரதி செய்து, பின்னரே திட்டத்திற் சேர்க்குக. திட்டப் பண்புகளிற் ‘சார்புப் பாதை’ தெரிவு செய்யப்பட்டிருத்தல் வேண்டும். அப்பொழுது தாய்க் கோப்புறையை முழுமையாக எங்கு கொண்டு சென்றாலும் படம் திறக்கும்.

3. ஷேப்கோப்பு என்பது ஒரு கோப்பன்று. எஸ்எச்பி, எஸ்எச்எக்ஸ், டிபிஎப் ஆகிய மூன்றும் இன்றியமையாதன. ஆள்கூற்று விபரம் பிஆர்ஜே கோப்பில் உள்ளது. எல்லாவற்றையும் சேர்த்தே பிரதி செய்க. பல படைகளை ஒரே கோப்பில் அடக்கும் ஜியோபேக்கேஜ் முறை இதனிலும் வசதியானது.

4. ‘புதியது’, ‘கடைசி’ என்று பெயரிடாது, ‘வயல்_2025_04_10’ என ஆண்டை முன்வைத்துப் பெயரிடுக. கோப்புகள் கால ஒழுங்கில் தாமே நிற்கும்.

5. ஆள்கூற்று வலையைக் குறிப்பில் எழுதுக. பழைய கண்டவல வலையின் தொடக்க அளவு இருதிசையிலும் 200,000 மீற்றர். 1999ஆம் ஆண்டு வலையில் 500,000 மீற்றர். ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் வயல் ஒவ்வொரு திசையிலும் ஏறக்குறைய 300 கிலோமீற்றர் விலகிக் கடலிற் தோன்றும்.

6. அன்றாட வேலை முடிந்ததும் தாய்க் கோப்புறையின் பிரதியொன்றை வேறிடத்தில் வைக்குக.

கூட்டத்துக்கு முதல்நாள் அப்பிரதியை வேறொரு கணினியிற் திறந்து பார்த்தல் அவசியம். விதைக்குமுன் முளைதிறனைச் சோதிக்கும் கமக்காரருக்கு இதன் பயனை விளக்க வேண்டியதில்லை.