தள்ளுவண்டியில் பேரன், ஸ்கூட்டரில் பாட்டி!

பிரசவத்துக்கு உதவியாக அமெரிக்கா போன அம்மா, மூத்த பேரனுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் குடும்பத்தோடு டிஸ்னி வேர்ல்டு பார்த்துவிட்டு வந்தாள். இன்று நம் பக்கத்தில் இது வீட்டுக்கு வீடு கேட்கிற சமாசாரமாகிவிட்டது. போட்டோவில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். தனியாக உட்கார வைத்துக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

"அப்பப்பா, என்ன கூட்டம்! யாரோ தள்ளிக்கொண்டு வந்த குழந்தை வண்டி என் கால் மேலேயே ஏறிடுச்சு. முழங்கால் வலி வேறே. மத்தியானத்துக்கு மேல் நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துட்டேன். மற்றவங்க சுற்றிட்டு வந்தாங்க."

அத்தனை தூரம் போய், அத்தனை பணம் செலவழித்து, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருவானேன்? நடக்க முடியாதவர்களுக்கும், நடக்கத் தெரியாத குழந்தைகளுக்கும் அங்கே வழி இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு, மற்றவர்களுக்கும் இடைஞ்சல் இல்லாமல் போய் வருவது எப்படி என்பதைப் பார்ப்போமா?

கூட்டம் என்றால் எவ்வளவு?

டிஸ்னியின் முதல் பூங்காவான டிஸ்னிலேண்ட், கலிஃபோர்னியா மாநிலத்தில் 1955 ஜூலை 17-ந் தேதி திறக்கப்பட்டது. அன்றைக்கே கூட்டப் பிரச்னை ஆரம்பம். கள்ள டிக்கெட் வைத்துக்கொண்டும் ஆட்கள் நுழைந்ததில், எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக, சுமார் 28 ஆயிரம் பேர் உள்ளே. சுட்டெரிக்கிற வெயில். புதிதாகப் போட்டிருந்த தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்புகள் அதில் பதிந்து மாட்டிக்கொண்டனவாம்!

ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டு 1971 அக்டோபர் முதல் தேதி திறக்கப்பட்டது. இப்போது அதற்குள் நான்கு பெரிய பூங்காக்கள் உள்ளன. அவற்றில் மூத்தது மேஜிக் கிங்டம். 2019-ல் இந்த ஒரு பூங்காவுக்கு மட்டும் சுமார் 2 கோடியே 9 லட்சம் பேர் வந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் சராசரியாக நாளொன்றுக்கு 57 ஆயிரம் பேர். கிறிஸ்துமஸ் வாரத்தில் கேட்கவே வேண்டாம்.

இத்தனை பேரும் உள்ளே நுழைந்ததும் கோட்டையை நோக்கிப் போகிற ஒரே தெரு வழியாகத்தான் நடந்தாக வேண்டும். ஊர்வலமும் அங்கேதான். இரவு வாண வேடிக்கை முடிந்ததும் மொத்தக் கூட்டமும் திரும்புவதும் அந்தத் தெரு வழியாகத்தான். நம் ஊர்த் தேர்த்திருவிழாவில் மாடவீதி முனையில் நெரிசல் ஏற்படுகிறதே, அதே கதை.

ஒரு வண்டி, ஒரு சதுர மீட்டர்

இந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் ஸ்ட்ரோலர் என்கிற குழந்தைத் தள்ளுவண்டிகளும், நடக்கச் சிரமப்படுபவர்கள் உட்கார்ந்து ஓட்டிப் போகும் பேட்டரி ஸ்கூட்டர்களும். "இந்த வண்டிகளால்தான் இடமே இல்லை" என்று முணுமுணுக்கிறவர்கள் அங்கேயும் உண்டு.

அவர்கள் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 2019 மே முதல் தேதி டிஸ்னி ஒரு விதி கொண்டு வந்தது. தள்ளுவண்டி 31 அங்குல அகலத்துக்கும் 52 அங்குல நீளத்துக்கும் மேற்படக் கூடாது. குழந்தைகளை வைத்து இழுக்கிற பெட்டி மாதிரியான வண்டிகளுக்கு இடமே இல்லை. 'ஸ்டார் வார்ஸ்' பகுதி திறக்கவிருந்த வருஷம் அது. கூட்டம் கூடும் என்று முன்கூட்டியே செய்த ஏற்பாடு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த அனுமதிக்கப்பட்ட அளவே ஒரு சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். நெரிசலான இடத்தில் மூன்று பேர் நிற்கக்கூடிய இடம்! ஆகவே, "வாங்குவதுதான் வாங்குகிறோம், பெரிதாக வாங்குவோம்" என்று நினைக்காதீர்கள். ஒரு குழந்தைக்கு, மடக்கினால் குடை மாதிரி கையில் அடங்கும் வண்டியே போதும்.

அன்பில் பிறந்த வண்டிகள்

அந்தக் குடை வண்டி பிறந்ததே ஒரு தாத்தாவின் வாஞ்சையால்தான். ஓவன் மக்லாரன் என்ற ஆங்கிலேயர் விமானப் பொறியாளர். இரண்டாம் உலகப் போரில் புகழ் பெற்ற ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கர அமைப்பில் பங்கு கொண்டவர். அமெரிக்காவிலிருந்து வந்த மகள், கைக்குழந்தையையும் கனமான பிராம் வண்டியையும் வைத்துக்கொண்டு படுகிற பாட்டைப் பார்த்தார். விமானத்துக்குப் பயன்படும் அலுமினியக் குழாய்களைக் கொண்டு, மூன்று கிலோவுக்குள் ஒரு மடக்கு வண்டி செய்து, 1965-ல் காப்புரிமைக்குப் பதிவு செய்தார்.

பேட்டரி ஸ்கூட்டரின் கதையும் இதே போலத்தான். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்தவர் ஆலன் தீம். குழாய், வெப்பக் கருவி வேலைகள் செய்தவர். குடும்பத்தில் ஒருவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் என்ற நரம்பு நோய். நாலு அடி நடந்தால் களைத்துப் போகிற நோய் அது. அவருக்காக 1968-ல் தீம் செய்த மூன்று சக்கர வண்டிதான் 'அமீகோ'. நண்பன் என்று அர்த்தம்.

இரண்டு வண்டியும் வீட்டு மனுஷருக்காக வீட்டு மனுஷர் செய்தது. ஆடம்பரத்துக்காக அல்ல.

"நல்லாத்தானே இருக்காங்க?"

பேட்டரி ஸ்கூட்டரில் வந்த ஓர் அம்மாள் வாசலில் அதை நிறுத்திவிட்டு, எழுந்து நடந்து போய் உட்காருகிறாள். உடனே பின்னால் ஒரு பேச்சு: "பாருங்க, நல்லாத்தானே நடக்கிறா? எதற்கு இந்த வண்டி?"

சகோதரிகளே, பத்து அடி நடக்க முடிவது வேறு, நாள் முழுக்க நடக்க முடிவது வேறு. இந்தப் பூங்காக்களில் ஒரு நாளில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடப்பது சர்வ சாதாரணம். மூட்டுத் தேய்மானம், இருதயக் கோளாறு, மூச்சிரைப்பு, நரம்பு நோய்... இதெல்லாம் முகத்தில் எழுதியா ஒட்டியிருக்கும்?

அமெரிக்காவில் 1990-ல் உடல் ஊனமுற்றோருக்கான சட்டம் வந்தது. பொது இடங்களில் சக்கர நாற்காலியையும் இந்த மாதிரி ஸ்கூட்டரையும் தடுக்கக் கூடாது. "உங்களுக்கு என்ன வியாதி?" என்று துருவித் துருவிக் கேட்கவும் கூடாது.

சலுகையைத் தவறாகப் பயன்படுத்தியவர்களும் இருக்கத்தான் செய்தார்கள். வசதி படைத்த சில குடும்பங்கள் ஊனமுற்றவர்களைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டு, வரிசையில் நிற்காமல் போவதாக 2013-ல் செய்தி வந்து பெரிய சர்ச்சையாயிற்று. அந்த வருஷம் அக்டோபரிலேயே டிஸ்னி பழைய அட்டை முறையை எடுத்துவிட்டு, 'இத்தனை மணிக்கு வாருங்கள்' என்று நேரம் குறித்துக் கொடுக்கும் முறையைக் கொண்டு வந்தது. 2024-ல் விதிகள் இன்னும் இறுகின. ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடுகளால் வரிசையில் காத்திருக்க முடியாதவர்களுக்கே அந்தச் சலுகை என்றாகிவிட்டது. சக்கர நாற்காலியில் வந்தாலே வரிசையைத் தாண்டிப் போகலாம் என்பது தப்பு. பெரும்பாலான வரிசைகள் இப்போது நாற்காலி போகும் அகலத்தில்தான் இருக்கின்றன. எல்லோரையும் போல அவர்களும் காத்திருக்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பிறர் சொல்லும் பேச்சை விட நம் மனசு சொல்லும் பேச்சுதான் பொல்லாதது. "எனக்கென்ன வந்தது? நாற்காலியில் உட்கார்ந்தால் நாலு பேர் என்ன நினைப்பாங்க? என்னைத் தள்ளிக்கிட்டு வர மாப்பிள்ளைக்குத்தான் தலையெழுத்தா?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் மறுத்துவிடுகிறார்கள். விளைவு, ஒன்று வலியோடு நடக்கிறார்கள். இல்லாவிட்டால் ஓட்டல் அறையிலேயே தங்கிவிடுகிறார்கள். கண் மங்கினால் கண்ணாடி போட்டுக்கொள்ள நாம் வெட்கப்படுகிறோமா? கால் தளர்ந்தால் சக்கரம். அவ்வளவுதான். மகளே பேசட்டும்: "அம்மா, நீ வந்தால்தான் எங்களுக்குச் சந்தோஷம். நாற்காலி எடுத்திடலாம். இஷ்டப்பட்டபோது நட, முடியாதபோது உட்கார்." இப்படிச் சொன்னால் மறுப்பவர்கள் குறைவு.

வெயிலும் குழந்தையும்

ஃபுளோரிடா வெயில் நம் சென்னை வெயிலுக்கு அண்ணன் தம்பி. புழுக்கமும் அப்படியே. வெயில் படக் கூடாதென்று தள்ளுவண்டியின் மேல் துணியைப் போர்த்திவிடுவது தாய்மார்களின் வழக்கம். இது ஆபத்து! 2014-ல் ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்று சோதித்துப் பார்த்தது. போர்த்தாத வண்டியில் 22 டிகிரி செல்ஷியஸ். மெல்லிய துணியைப் போர்த்தியதும் அரை மணியில் 34, ஒரு மணியில் 37 டிகிரி! காற்றோட்டம் நின்றுவிடுவதுதான் காரணம்.

சிட்னி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2023-ல் இன்னொன்றைக் கண்டார்கள். உலர்ந்த மஸ்லின் துணி வண்டிக்குள் சூட்டைக் கூட்டியது. ஈரத் துணியும், வண்டியில் மாட்டும் சின்ன விசிறியும் சேர்ந்தபோது வெளியே இருப்பதைவிடக் கிட்டத்தட்ட 5 டிகிரி குறைந்தது. நம் பாட்டிமார் வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்த அதே சூட்சுமம்! ஆனால் புழுக்கம் மிகுந்த நாளில் ஈரம் சீக்கிரம் காயாது, பலனும் குறையும். ஆகவே துணியைக் கட்டாயம் பக்கங்களில் திறந்து வையுங்கள். துணி காய்ந்தால் மறுபடி நனையுங்கள். கால் மணிக்கொரு தரம் குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். முகம் சிவந்து, துவண்டு, பால் குடிக்க மறுத்தால் உடனே குளிர்ந்த அறைக்குக் கொண்டு போக வேண்டும். பால் கொடுக்கவும் துணி மாற்றவும் ஒவ்வொரு பூங்காவிலும் 'பேபி கேர் சென்டர்' என்று தனி இடம் வைத்திருக்கிறார்கள். நுழைந்ததுமே அது எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி தள்ளுபவர்களுக்கு

* வண்டியை முன்னால் போகிறவரின் குதிகாலுக்கு அருகே கொண்டு போகாதீர்கள். இரண்டு அடி இடைவெளி விடுங்கள்.
* நடு வழியில் நிற்காதீர்கள். குழந்தை அழுதால், பால் புட்டி தேட வேண்டுமென்றால், முதலில் ஓரம், பிறகு மற்றது.
* கைப்பிடியில் பைகளைத் தொங்க விடாதீர்கள். குழந்தையைத் தூக்கியதும் வண்டி பின்பக்கமாகக் குடை சாயும்.
* மடக்கும்போதும் விரிக்கும்போதும் குழந்தையைத் தள்ளி நிறுத்துங்கள். கீலில் விரல் சிக்கி 12 குழந்தைகளின் விரல் நுனி துண்டானதால், 2009-ல் மக்லாரன் கம்பெனி அமெரிக்காவில் விற்ற சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குக் கீல் மூடி கொடுக்க வேண்டி வந்தது.
* மேஜிக் கிங்டம் தெருவில் குதிரை டிராம் தண்டவாளம் உண்டு. சக்கரம் சிக்காமல் குறுக்கே நேராகக் கடந்து போங்கள்.
* நிறுத்தி வைத்த வண்டிகளை ஊழியர்கள் இடம் மாற்றி அடுக்குவார்கள். பளிச்சென்று ஒரு ரிப்பன் கட்டுங்கள். பணம், பாஸ்போர்ட்டை அதில் வைக்காதீர்கள்.

ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்கு

* வாடகைக்கு எடுத்து ஓட்டுபவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். எண்ணிக்கை குறைவு, முதலில் வருபவர்களுக்கே கிடைக்கும். காலையிலேயே போய்விடுங்கள்.
* பல வண்டிகளில் வேகத் திருகில் ஆமைப் படமும் முயல் படமும் இருக்கும். கூட்டத்தில் ஆமைதான் நல்லது!
* பிடியை விட்டாலே வண்டி நின்றுவிடும். பயந்து போய் இன்னும் இறுக்கிப் பிடித்தால்தான் ஆபத்து. காலி இடத்தில் பத்து நிமிஷம் பழகிக்கொள்ளுங்கள்.
* பழக்கமில்லாதவர்களுக்கு, பிறர் தள்ளும் சாதாரண சக்கர நாற்காலியே உத்தமம்.
* மணிக்கொரு தரம் கணுக்காலைச் சுழற்றுங்கள். தண்ணீர் குடியுங்கள். வேளா வேளைக்குச் சாப்பிடும் மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நடப்பவர்களுக்கு

உட்கார்ந்து வருகிறவரின் கண்ணுக்கு நம் முதுகுதான் தெரியும். திடீரென்று குறுக்கே பாய்ந்தால் அவரால் எப்படி நிறுத்த முடியும்? பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். வழி கேட்கும்போது நாற்காலியைத் தள்ளுபவரிடம் பேசாமல், உட்கார்ந்திருப்பவரிடம் பேசுங்கள். அவரும் ஒரு மனுஷிதானே!

நேரம் பார்த்துப் போங்கள்

கூடிய மட்டும் திறக்கிற நேரத்துக்கே போய்விடுங்கள். மத்தியானம் நல்ல வெயிலில் அறைக்குத் திரும்பி, பாட்டியும் பேரனும் தூங்கி எழுந்து, சாயங்காலம் மறுபடி போகலாம். வாண வேடிக்கை முடிந்ததும் முண்டியடிக்க வேண்டாம். நகரும் கூட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து பேருக்கு மேல் நெருங்கினால் ஆபத்து என்கிறார்கள் வல்லுநர்கள். அரை மணி ஒரு கடைக்குள் ஒதுங்கியிருந்தால் தெரு தானாக விட்டுப்போகும்.

சின்னக் குழந்தை ஏற முடியாத ராட்டினம் என்றால் 'ரைடர் ஸ்விட்ச்' என்று கேளுங்கள். அப்பா ஏறி வரும்வரை அம்மா குழந்தையோடு இருக்கலாம். பிறகு அம்மா மறுபடி அந்த நீள வரிசையில் நிற்காமல் ஏறிவிடலாம். அம்மாவுக்கும் ஆசை இருக்காதா என்ன?

அடுத்த முறை டிக்கெட் வாங்கும்போதே, பாட்டிக்கு நாற்காலிக்கும் ஏற்பாடு செய்துவிடுங்கள். குடும்பப் படத்தில் பெஞ்சில் உட்கார்ந்தவர் என்று யாரும் விடுபட்டுப் போக வேண்டாம்.