இரவு பத்து மணிக்குப் பிறகு...

தோட்டத்துப் பள்ளியில் என்னிடம் படித்த ஒருவர் பத்துமலைப் பக்கம் அடுக்குமாடி வீடு வாங்கிக் குடிபோனார். மூத்த மகளின் சடங்குக்கு என்னையும் அழைத்திருந்தார். கீழ்த்தளத்தில் பந்தல், ஆள் உயரத்துக்கு இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள், மேடையில் பாட்டு. இரவு பதினொரு மணி இருக்கும். போலீஸ் கார் வந்து நின்றது. யாரோ புகார் செய்துவிட்டார்கள்!

பாட்டு நின்றது. பெண்ணின் பாட்டிக்குத்தான் ஆறவில்லை. "என்ன சார் அநியாயம் இது! தோட்டத்துல விடிய விடிய ரெக்கார்டு போட்டோமே, ஒருத்தராவது வாயைத் திறந்தாங்களா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

புகார் செய்தவர் வேறு இனத்தவர் என்று அங்கே பலர் முடிவு கட்டிவிட்டார்கள். மறுவாரம்தான் விஷயம் தெரிந்தது. நான்காம் மாடியில் இருக்கும் தாதி, நம் தமிழ்ப் பெண்தான். மத்தியானம் வந்து விருந்து சாப்பிட்டுப் பெண்ணுக்குப் பணமும் வைத்துவிட்டுப் போனவர். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவருக்கு மருத்துவமனையில் வேலை.

வாசகர்களே, பாட்டி சொன்னது பொய்யல்ல. தோட்டத்தில் லயத்துக்கு லயம் எல்லாரும் ஒரே நேரத்தில் பெரட்டுக்குப் போனவர்கள். கோவில் திருவிழா என்றால் எல்லாருக்கும் திருவிழா. தூங்கவேண்டியவர் என்று தனியாக யாரும் இல்லை. அதற்கு அப்பால் இருந்தது ரப்பர் மரம். பட்டணத்தில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் கல்யாணம், அந்தப் பக்கம் சாவு. ஒருவர் வேலைக்குப் புறப்படும்போது இன்னொருவர் தூங்கப் போகிறார். ஒலி பற்றிய விதிகள் இங்கேதான் தேவைப்படுகின்றன. நம்மவர்களோ போலீஸ் வாசலில் நின்ற பிறகுதான் அவற்றைத் தேடுகிறார்கள்.

'இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் போட்டால் குற்றம்' என்று ஒரே வரியில் சட்டம் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படி அல்ல. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு ஒலித் தூய்மைக்கேட்டைப் பற்றிப் பேசுகிறது. சுற்றுச்சூழல் துறை 2007-இல் வெளியிட்ட வழிகாட்டி, காலை 7 முதல் இரவு 10 வரை பகல், மற்றது இரவு என்று பிரித்தது. வீடுகள் நெருங்கிய நகர்ப்புறத்துக்குப் பகலில் 60 டெசிபல், இரவில் 50 என்றும், பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டிடம் இருக்கும் பகுதிக்கு 50, 40 என்றும் அளவு வைத்தது. 2019-இல் அந்த வழிகாட்டி திருத்தப்பட்டது. அது திட்டமிடுவோருக்கும் அளப்போருக்குமான வழிகாட்டி. கையில் கருவியோடு வந்து உடனே அபராதச் சீட்டு எழுதுவதற்கு அல்ல. பத்து மணிக் கணக்கு பரவலாகப் பேசப்படுவதற்கு இந்தப் பகல் இரவுப் பிரிப்பும் ஒரு காரணம்.

டெசிபல் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. மாணவர்களுக்குச் சொல்லும்போது அவர்களே வாயைப் பிளப்பார்கள். 50-க்கும் 60-க்கும் வித்தியாசம் பத்துதானே என்று நினைக்கக்கூடாது. பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கிறது. இருபது கூடினால் ஆற்றல் நூறு மடங்கு! ஆகவே இரவில் ஒலிபெருக்கியின் திருகை 'கொஞ்சம்' குறைத்தோம் என்பது பெரும்பாலும் நம் மனத்திருப்திக்குத்தான்.

இனித் தைப்பூசத்துக்கு வருவோம். அதைச் சொல்லாமல் பத்துமலையைப் பற்றி எழுத முடியுமா? 1892-இலிருந்து அங்கே தைப்பூசம் நடந்துவருகிறது. ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் கோவிலிலிருந்து இரதம் இரவில் புறப்பட்டு, லெபோ அம்பாங், ஈப்போ சாலை வழியாக ஏறக்குறைய 15 கிலோமீட்டர் வந்து சேருகிறது. புறப்படும் இடம் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் எல்லை. வந்து சேரும் இடம் சிலாங்கூர். செலாயாங் நகராண்மைக் கழகத்தின் எல்லை. ஒரே ஊர்வலம், இரண்டு நிர்வாகம். 2012-ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டப்படி சமயக் கூட்டங்களுக்கும், திருமண விருந்துக்கும், சவ ஊர்வலத்துக்கும் போலீசுக்கு முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டியதில்லை. இதை நம்மில் பலர் அறியமாட்டார்கள். ஆனால் கூடுவதற்குத்தான் அந்த விலக்கு. எவ்வளவு சத்தமும் போடலாம் என்று அதில் எழுதவில்லை. பொது இடத்து ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் போலீசுக்கு வேறு சட்டத்தில் இருக்கிறது.

அக்கரையில் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே தைப்பூச ஊர்வலத்தில் 1973-இல் இசைக்கருவிகளைத் தடை செய்தார்கள். குழுக்களுக்குள் போட்டியும் கைகலப்பும் நடந்ததைக் காரணமாகக் காட்டினார்கள். தடை விழுந்தது ஒரு நாளில். அது தளர எத்தனை ஆண்டு பிடித்தது தெரியுமா? 2016-இல்தான் வழியில் மூன்று இடங்களில் இசைக்க அனுமதி கிடைத்தது. 2019-இல் தாளக் கருவிகளுக்கும் மேலும் தளர்த்தினார்கள். காவடி தூக்குபவனுக்கு உறுமி வெறும் சத்தமல்ல. அவனை நடத்திச் செல்வதே அதுதான். நம் நாட்டில் அது இன்றும் ஒலிக்கிறது. சினிமாப் பாட்டுக்கு உறுமி அடிப்பவர்களையும், தண்ணீர்ப் பந்தலில் பக்கத்துப் பந்தலை அமுக்குவதற்கென்றே பெட்டி அடுக்குபவர்களையும் கண்டால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான். அவர்கள் நம் எல்லாருடைய உறுமியையும் பணயம் வைக்கிறார்கள்.

சமயம் என்று சொன்னால் சத்தத்துக்குப் பாதுகாப்பு உண்டா என்ற கேள்வி சென்னையிலிருந்தே இந்திய உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. குடியிருப்புப் பகுதி ஒன்றில் ஒரு கிறிஸ்தவச் சபை மேளமும் ஒலிபெருக்கியும் வைத்து வழிபட, அங்கே குடியிருந்தவர்களின் நலச்சங்கம் வழக்குப் போட்டது. பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடவேண்டும் என்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்ற கருத்தில் 2000 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு இந்தியாவில் வந்த விதிகள், இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடுத்தன.

அடுத்த வீட்டுக்காரரை விடுங்கள். அடிப்பவனின் காதையும் கொஞ்சம் நினைக்கவேண்டும். வேலையிடத்தில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரக் கணக்கில் 85 டெசிபலுக்கு மேல் கூடாது என்று நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. செம்பனை ஆலையில் வேலை செய்பவருக்கு முதலாளி காதடைப்பான் கொடுக்கவேண்டும். உறுமிக் குழுப் பையனுக்கு யார் கொடுக்கிறார்கள்? மூன்று டெசிபல் கூடினால் தாங்கும் நேரம் பாதியாகும் என்பது காது நிபுணர்களின் கணக்கு. 88 என்றால் நான்கு மணி நேரம்; 100 என்றால் வெறும் 15 நிமிடம்! கருவி எதுவும் வேண்டாம். கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேசவேண்டியிருந்தால் 85-ஐ எட்டிவிட்டது என்று பொருள். திருவிழா முடிந்த மறுநாள் வகுப்பில் "என்ன சார்?" என்று இரண்டு தடவை கேட்கும் பையன்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டொரு நாளில் சரியாகிவிடும். மறுபடி மறுபடி நடந்தால் ஒருநாள் சரியாகாமலே போய்விடும். உட்காதின் நுண்மயிர் அணுக்கள் செத்தால் மீண்டும் முளைப்பதில்லை.

விதி நமக்கும் துணைதான். பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம்மவர்கள் சத்தம் போடுவதைவிடச் சத்தத்தைச் சகிப்பதே அதிகம். கீழ்த்தளத்துப் பட்டறையோ கரோக்கே கடையோ தொல்லை கொடுத்தால் ஊராட்சி மன்றத்துக்கு எழுதுங்கள். வியாபார உரிமம் அவர்கள் கையில். 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் பொதுத் தொல்லையைத் தடுக்கும் பொறுப்பை அவர்களுக்குத்தான் தந்திருக்கிறது. எந்த மன்றம் என்பதை வீட்டுவரிச் சீட்டில் பாருங்கள். பத்துமலைக்காரர் கோலாலம்பூருக்கு எழுதினால் கடிதம் சுற்றிக்கொண்டிருக்கும். தொழிற்சாலை என்றால் சுற்றுச்சூழல் துறை. நள்ளிரவு மோட்டார் சைக்கிள் ஓட்டப்பந்தயத்துக்குப் போலீஸ். அடுக்குமாடி வீட்டுக்குள் என்றால் முதலில் நிர்வாகக் கழகம். தேதி, மணி, எவ்வளவு நேரம், என்ன சத்தம் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு போங்கள். 'எப்போதும் சத்தம்' என்று சொல்பவரைவிட, '12-ஆம் தேதி இரவு 11.40 முதல் 1.15 வரை' என்று சொல்பவருக்குத்தான் மதிப்பு.

அந்தக் குடும்பத்தில் இரண்டாவது மகளுக்குச் சென்ற ஆண்டு சடங்கு நடந்தது. மாலை நான்கு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்குப் பெட்டிகளை லாரியில் ஏற்றிவிட்டார்கள். முதல் வாரமே பாட்டி தாம்பூலத் தட்டோடு நான்காம் மாடிக்கு ஏறிப் போனாராம். கதவைத் திறந்த தாதியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஞாயித்துக்கிழமை உனக்கு எந்த ஷிப்டு, தாயி?"