உறங்கும் எரிமலை

மாணவர்களைக் கல்வராயன் மலைக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம், "ஐயா, இது அவிந்துபோன எரிமலைதானே?" என்று ஒருவராவது கேட்பதுண்டு. அஃது எரிமலை அன்று. அதன் சார்னோகைட் பாறை, நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. நம் நாட்டில் எரிமலை காண விரும்புவோர் அந்தமான் கடலுக்குத்தான் செல்லவேண்டும்.

அங்கே இரண்டு தீவுகள் எரிமலைகளாகவே நிற்கின்றன. ஒன்று பாரன் தீவு. மற்றொன்று அதற்கு வடக்கே, 710 மீட்டர் உயர்ந்து நிற்கும் நார்கொண்டம். இந்தியத் தட்டு பர்மாத் தட்டின் அடியில் சரிந்து இறங்குகிறது. இறங்கும் தட்டிலிருந்து பிரியும் நீர், மேலுள்ள சூடான பாறையில் கலக்கவே, அதன் உருகுநிலை குறைந்து பாறைக்குழம்பு பிறக்கிறது. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரிலும் இதே செயல்தான். நார்கொண்டத்தில் மிகுந்துள்ள ஆண்டிசைட் என்னும் பாறை, ஆண்டீஸின் பெயரையே தாங்கியிருக்கிறது.

இக்குழம்பு பிசுபிசுப்பானது. வெந்நீரில் குமிழி எளிதில் வெளியேறிவிடும். கொதிக்கும் கேழ்வரகுக் களியிலோ ஆவி அடைபட்டு, வெடித்துக் கையைச் சுடும். அவ்வாறே, அடைபட்ட வாயு வெடிக்கும்போது சாம்பலும் கல்லும் தெறிக்கின்றன. பிறகு குழம்பு வழிகிறது. இவை மாறிமாறிப் படிவதால் எழுவதே அடுக்கு எரிமலை.

ஆசிரியப் பயிற்சி முடித்து வந்த புதிதில், பாரன் தீவை 'அவிந்த எரிமலை' என்றே நான் கரும்பலகையில் எழுதினேன். 1787இல் அது சீறியதைக் கப்பலில் சென்றோர் கண்டு எழுதியிருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடங்கி, ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஓய்ந்திருந்தது. 1991இல் அது மீண்டும் வெடித்தபோது என் கரும்பலகை பொய்யாயிற்று! 2005, 2017 ஆகிய ஆண்டுகளிலும் சீறியது.

ஆளில்லாத தீவாதலால் பிழை என்னோடு போயிற்று. கொலம்பியாவில் அவ்வாறு போகவில்லை. அங்கே நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலையிலிருந்து 1845இல் சேற்று வெள்ளம் பாய்ந்தது; அச்சேறு படிந்த நிலத்தின்மீதே ஆர்மெரோ என்னும் நகரம் பின்னர் எழுந்தது. 1985 நவம்பர் 13 இரவில் எரிமலை வெடித்துச் சிகரத்துப் பனியில் ஒரு சிறு பகுதியையே உருக்கியது. அந்நீர் சாம்பலோடும் கல்லோடும் சேர்ந்து பள்ளத்தாக்கு வழியே இறங்கி, சுமார் இரண்டரை மணி நேரத்தில் நகரை மூடியது. மாண்டோர் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். ஆபத்துப் பகுதிகளைக் காட்டும் வரைபடம் முந்தைய மாதமே அறிஞர் கையில் ஆயத்தமாக இருந்தது.

நார்கொண்டத்தின் சரிவுகளை இன்று அடர்ந்த காடு போர்த்தியிருக்கிறது. உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத ஓர் இருவாச்சிப் பறவை அக்காட்டு மரப்பொந்துகளில் குஞ்சு பொரிக்கிறது. இப்போது நான் அத்தீவின் பெயருக்கு எதிரே 'உறங்குவது' என்றே எழுதுகிறேன்.