குடிநீரில் பாதரசம் அறியும் புதிய வழி

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி பல்லாண்டுகளாக நாட்டிற்கு ஒளியூட்டி வருவதை யாவரும் அறிவர். அந்நிலக்கரியில் மிகச் சிறிதளவு பாதரசமும் கலந்துள்ளது. எரிக்குங்கால் அது ஆவியாகிக் காற்றிலும், சாம்பலோடு மண்ணிலும் நீரிலும் சேரக்கூடும். சுற்றுப்புறத்துச் சில இடங்களின் நீரில் பாதரசம் வரம்பை மீறியிருப்பதாக 2023ஆம் ஆண்டில் 'பூவுலகின் நண்பர்கள்' வெளியிட்ட ஆய்வறிக்கை கூறிற்று. தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் அதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

இந்தியத் தர நிர்ணயப்படி, ஒரு லிட்டர் குடிநீரில் 0.001 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருத்தலாகாது. இவ்வளவு சிறிய அளவு கண்ணுக்கும் நாவிற்கும் புலப்படாது. அதனை அளக்க ஆய்வுக்கூடத்துப் பெருங்கருவி வேண்டும். இந்நிலையில் பயன்தரக்கூடியது 'ஆப்டமர்' என்னும் நுண்ணிழை.

ஆப்டமர் என்பது யாது?

நம் உடலிலுள்ள டி.என்.ஏ. போன்ற நியூக்ளிக் அமிலத்தின் சிறு துண்டே ஆப்டமர். அது மடிந்து, தனக்கேற்ற ஒரு பொருளை மட்டும் பற்றிக்கொள்ளும். கோடானுகோடி இழைகளிலிருந்து, முறத்தில் புடைத்து மணியைக் கொள்வதுபோல, வேண்டியதைப் பன்முறை தெரிந்தெடுக்கும் முறையை 1990இல் அமெரிக்காவில் இரு குழுவினர் தனித்தனியே கண்டனர். காசநோயை அறியவும் இவ்விழைகளை நம் நாட்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்துள்ளனர்.

பாதரசத்திற்கோ இத்தேர்வும் வேண்டியதில்லை. இழையிலுள்ள தைமின் என்னும் இரு கூறுகளுக்கிடையே பாதரச அயனி பாலம்போல் அமர்ந்துகொள்ளும். இப்பண்பைக் கொண்டு 2004இல் ஜப்பானிய விஞ்ஞானிகளான ஓனோவும் தொகாஷியும் பாதரசம் அறியும் முறையை வகுத்தனர்.

நிறமாற்றம்

தங்கத்தின் மிக நுண்ணிய துகள்கள் நீரில் சிவப்பாகத் தோன்றும். உப்பிட்டால் அவை ஒன்றுகூடி நீலமாகும். தைமின் இழைகள் துகள்களின்மேல் ஒட்டியிருந்தால் சிவப்பு மாறாது. பாதரசம் வந்தால் இழைகள் அதனைப் பற்றி மடிந்து துகள்களைக் கைவிடும். உடனே நிறம் நீலமாகும்.

எனினும், கலங்கிய நீரும் அதிலுள்ள பிற உப்புகளும் முடிவைத் திரித்துவிடலாம். எனவே ஆய்வுக்கூடத்தின் முடிவே இறுதியானது.

ஊராட்சிகள் செய்யவேண்டுவது

புதிய முறை கிராமங்களுக்கு வந்தெய்தும்வரை நாம் வாளாவிருத்தலாகாது. பாதரசத்தைத் தனியே குறிப்பிட்டு ஆய்வு கோருதல் வேண்டும். நீர் எடுத்த கிணறு, நாள் ஆகியவற்றைப் புட்டியின்மேல் எழுதி, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தார் கூறும் முறைப்படி அனுப்புதல் நன்று. ஐயமுள்ள நீரைக் காய்ச்சிப் பருகுவதால் பாதரசத் தீங்கு நீங்கிவிடுமெனக் கருதலாகாது. முடிவு தெரியும்வரை வேறு நீரைக் கொள்வதே தக்கது. முடிவைக் கிராம சபையில் படித்துக்காட்டினால் மக்களின் அச்சமும் அலட்சியமும் ஒருங்கே அகலும்.