இரத்தம் மிகுந்தால் பக்கவாதமா?

என் தாய்மாமனைப் பார்ப்பவர்கள் எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள்: "முகத்திலே ரத்தம் சொட்டுதய்யா!" அறுபது வயதைக் கடந்தும் கன்னமும் காதுமடலும் உள்ளங்கையும் சிவந்திருக்கும். மரச்செக்கு வைத்து நல்லெண்ணெய் ஆட்டி விற்பவர். எண்ணெயில் புழங்கும் உடம்பு அப்படித்தான் மின்னும் என்று ஊரார் பேசிக்கொள்வார்கள். அந்தச் சிவப்பு ஒரு நோயின் அடையாளம் என்று நாங்கள் அறிந்துகொள்வதற்குள் அவருக்கு இரண்டு முறை பக்கவாதம் வந்துவிட்டது.

நான் மருத்துவம் பயில்பவன் அல்லன். இக்கல்லூரியில் வேதியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். மருத்துவர்களைக் கேட்டும் நூல்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

2022 தை மாதத்தில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது மாமாவின் கையிலிருந்த செம்பு நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. புறா இரத்தம் தேய்த்தால் சரியாகிவிடும் என்றார் ஒருவர்; எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு நம்பிக்கை உண்டு. அன்று முழுவதும் அதிலேயே போயிற்று. மறுநாள்தான் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். மூளையின் குழாய் அடைத்துக்கொண்டால், கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஸ்கேன் எடுத்தார்கள். சிறிய அடைப்பு என்றார்கள். இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை கொடுத்தார்கள். இரத்தப் பரிசோதனைத் தாளையும் கையில் தந்தார்கள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த நான்தான் வீட்டில் அதை உரக்கப் படித்தேன். ஹீமோகுளோபின் 19.2! என் தங்கைக்கு 9 என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்த சமயம் அது. "பாத்தியாடி, மாமாவுக்கு உன்னைப்போல ரெண்டு மடங்கு ரத்தம்" என்றேன். எல்லாரும் சிரித்தோம். மாமாவும் கோணிய வாயோடு சிரித்தார். அந்தத் தாள் மஞ்சள் பைக்குள் போயிற்று. பதினான்கு மாதம் அங்கேயே கிடந்தது.

அந்த எண் என்ன சொல்லியது என்பதை இப்போது பார்ப்போம். ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 16.5 கிராமைத் தாண்டினாலே ஏன் என்று கேட்க வேண்டும் என்கிறது இன்றைய மருத்துவ அளவுகோல். இரத்தத்தைக் குழாயில் இட்டுச் சுழற்றினால் அணுக்கள் அடியிலும் நீர்மம் மேலும் பிரியும். மொத்தத்தில் அணுக்களின் பங்கு எவ்வளவோ அதுவே ஹெமடோக்ரிட். ஆண்களுக்கு இது ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு வரை இருக்கும். மாமாவுக்கு 58.

சார்புப் பாடமான இயற்பியலுக்காக நாங்கள் ஆமணக்கெண்ணெயில் சிறு எஃகுக் குண்டுகளைப் போட்டு, அவை இறங்கும் நேரத்தைக் கொண்டு பாகுநிலை கண்டிருக்கிறோம். தண்ணீரில் விழுந்தால் கண்ணிமைக்குள் அடிசேரும் குண்டு, எண்ணெயில் ஆடி அசைந்து இறங்கும். இரத்தமும் இப்படித்தான். அணுக்கள் கூடக்கூடப் பாகுநிலை நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. மேலே போகப்போகக் கிடுகிடுவென ஏறுகிறது. (நுண்குழாய் ஓட்டத்திற்கு விதி கண்ட பாய்ஸொய் ஒரு மருத்துவர், இரத்த ஓட்டத்தை அறியப் புறப்பட்டுத்தான் அந்த விதியைக் கண்டார். அந்த விதியை மனப்பாடம் செய்தபோது எனக்கு இது தெரியாது.) உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, உடலுக்குள் வரும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைச் செலவழிக்கிறது. அங்கே ஓட்டம் மந்தமானால் என்ன ஆகும்? இரத்தம் அளவுக்கு மேல் தடித்தவர்களுக்கு மூளையின் இரத்த ஓட்டம் குறைந்திருப்பதையும், இரத்தத்தை எடுத்தபின் அது கூடுவதையும் இலண்டன் ஆய்வாளர்கள் 1977இலேயே அளந்து காட்டினார்கள்.

இரண்டாம் தாக்குதல் 2023 பங்குனியில் வந்தது. இம்முறை வலக்கையும் பேச்சும் போயின. உடனே அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். பணியில் இருந்த இளம் மருத்துவர் பழைய தாள்கள் அனைத்தையும் கேட்டார். அத்தை மஞ்சள் பையை அப்படியே கவிழ்த்தார். அவர் ஒரு தாளை எடுத்துப் பார்த்தார், மாமாவின் இடப்பக்க விலாவின் கீழ் விரல்களை வைத்து அழுத்தினார், மண்ணீரல் வீங்கியிருந்தது. பிறகு எங்களைப் பார்த்து, "குளித்ததும் உடம்பு அரிக்கும் என்பாரா?" என்று கேட்டார்.

நான் திகைத்துப் போனேன். மூன்று ஆண்டுகளாக மாமா குளித்துவிட்டு வந்து உடம்பைச் சொறிந்துகொண்டிருந்தார். சோப்பை மூன்று முறை மாற்றியதுதான் நாங்கள் செய்த வைத்தியம்.

நோயின் பெயர் பாலிசைத்தீமியா வீரா. பாரிஸ் மருத்துவர் வாக்கே 1892இலும், பின்னர் ஆஸ்லர் 1903இலும் விவரித்தது. எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஓர் ஆதி அணு கட்டுப்பாட்டை மீறிப் பெருகுகிறது. சிவப்பணுக்கள் மட்டுமல்ல, வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் கூட மிகுதியாகலாம். கட்டுமீறிய பெருக்கம் என்பதால் இது இரத்தப் புற்றுநோய்களில் ஒன்றாகவே வகைப்படுத்தப்படுகிறது. புற்று என்ற சொல்லைக் கேட்டதும் அத்தை சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் இது மெதுவாக நடப்பது. சரியாகக் கவனித்தால் பல்லாண்டுகள் வாழலாம். இதில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் கட்டியல்ல, உறைந்த இரத்தம். பலருக்கு நோய் தெரியவருவதே பக்கவாதமோ மாரடைப்போ வந்த பிறகுதான்.

இதன் மூலத்தைக் கண்டது 2005ஆம் ஆண்டு. ஜாக்-2 என்னும் புரதத்தில் 617ஆம் இடத்தில் வாலின் இருக்க வேண்டும். அங்கே ஃபினைல் அலனின் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஓர் அமினோ அமிலம் மாறியதால், "அணுக்களை உண்டாக்கு" என்ற ஆணை நிற்காமல் ஒலிக்கிறது. நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இம்மாற்றம் காணப்படுகிறது. இது பெரும்பாலும் இடையில் ஏற்படுவதே தவிரப் பரம்பரையாக வருவதன்று. மாமாவின் பிள்ளைகள் இதைக் கேட்டபிறகுதான் மூச்சு விட்டார்கள்.

ஹீமோகுளோபின் கூடியவர்க்கெல்லாம் இந்நோய் என்று எண்ணிவிடக் கூடாது. புகைப்பவர்களுக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் உயர்ந்த மலையில் வாழ்பவர்களுக்கும் அது கூடும். புற்றுநோயும் பக்கவாதமும் சேர்வது இந்த ஒரு வழியில் மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தட்டணுக்கள் மட்டும் பெருகும் நோயிலும் அடைப்பு வரும். கடும் இரத்தப்புற்றில் வெள்ளையணுக்கள் இலட்சத்தைத் தாண்டி மூளையின் நுண்குழாய்களை அடைக்கலாம். அல்லது இதற்கு நேர்மாறாகத் தட்டணுக்கள் அற்றுப்போய் மூளைக்குள் இரத்தம் கசியலாம். உறைவதும் பக்கவாதம், கசிவதும் பக்கவாதம். வைத்தியமோ ஒன்றுக்கொன்று எதிர். பக்கவாதம் என்றதும் கடையில் ஆஸ்பிரின் வாங்கி வாயில் போடுவது ஏன் ஆபத்து என்பது இதிலிருந்து விளங்கும்.

மாமாவுக்குச் செய்த சிகிச்சையைக் கண்டு அத்தை அழுதார். படுத்துக் கிடப்பவரிடமிருந்து இரத்தத்தை எடுக்கிறார்களே! ஒரு தடவைக்கு 250 மில்லி வீதம் பல தடவை எடுத்தார்கள். வயதையும் பக்கவாதத்தையும் எண்ணிச் சிறிது சிறிதாக எடுத்தார்கள். ஹெமடோக்ரிட்டை 45க்குக் கீழ் வைக்க வேண்டும் என்பது இலக்கு. 365 நோயாளிகளை வைத்து இத்தாலியர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஆதாரம். 45க்குக் கீழ் வைக்கப்பட்ட 182 பேரில் 5 பேருக்குத்தான் இரத்தக்குழாய் நோயால் மரணமோ பெரிய உறைவோ நேர்ந்தது. 45 முதல் 50 வரை விடப்பட்ட 183 பேரில் 18 பேருக்கு நேர்ந்தது. சிறு அளவில் ஆஸ்பிரின் உதவும் என்பதை 2004இல் வந்த இன்னோர் ஆய்வு காட்டியிருந்தது. அதையும் மருத்துவர் அளவு பார்த்துக் கொடுத்தார். இவற்றோடு ஹைட்ராக்சியூரியா என்ற மாத்திரை. யூரியாவில் ஒரு ஹைட்ரஜன் இருந்த இடத்தில் ஹைட்ராக்சில் தொகுதி. அவ்வளவுதான் அதன் அமைப்பு. 1869இல் ஜெர்மனியில் தொகுக்கப்பட்ட பொருள், என் மாமாவின் மஜ்ஜையை அடக்கி வைத்திருக்கிறது. வேதியியல் படித்ததற்கு அன்றுதான் உண்மையில் மகிழ்ந்தேன்.

வீட்டில் ஒரு சிக்கல் மட்டும் நீடித்தது. இரத்தம் எடுத்த உடம்பு என்று அத்தை முருங்கைக்கீரையும் ஈரலும் பேரீச்சம்பழமுமாகத் திணித்தார். போதாததற்குக் கடையிலிருந்து இரும்புச்சத்து டானிக்கும் வாங்கி வைத்தார். இரும்பு குறைந்திருப்பதால்தான் சிவப்பணு உற்பத்தியும் மட்டுப்படுகிறது. டானிக் கொடுத்தால் மீண்டும் பழைய கதைதான் என்று மருத்துவர் கண்டித்த பிறகு, அந்தப் புட்டி என் தங்கைக்கு வந்து சேர்ந்தது.

மாமாவுக்குப் பேச்சு முக்கால்வாசி திரும்பிவிட்டது. வலக்கை திரும்பவில்லை. செக்கை மகன் பார்த்துக்கொள்கிறான். மாதம் ஒருமுறை பரிசோதனைத் தாள் வந்ததும் அதை இடக்கையால் என்னிடம் நீட்டுவார். நான் ஹீமோகுளோபினை விட்டு அடுத்த வரியைப் படிப்பேன். சென்ற மாதம் 44.