ரத்தப் புற்றுநோய்: மாத்திரை பலனளிக்காவிட்டால் மரபணுப் பிறழ்வுப் பரிசோதனை ஏன்?

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயைப் பெரும்பாலானோருக்கு இமாடினிப் மாத்திரை கட்டுக்குள் வைக்கிறது. சிலருக்கு மட்டும், குறைந்திருந்த பிசிஆர்-ஏபிஎல் அளவு மீண்டும் உயரும்.

மாத்திரையை இடையிடையே தவறவிட்டாலும் இவ்வாறு நேரும் என்பதால், மருத்துவர்கள் முதலில் அதையே விசாரிக்கின்றனர். அதன் பின்னரே, ரத்த மாதிரியிலிருந்து ஆர்என்ஏ பிரித்தெடுக்கப்பட்டு, அந்த மரபணுவின் வரிசை ஆய்வகத்தில் படிக்கப்படுகிறது.

டி315ஐ என்ற பிறழ்வில், புரதத்தின் 315-ஆவது இடத்தில் திரியோனினுக்குப் பதிலாக ஐசோலூசின் அமைந்துவிடுகிறது. மாறுவது ஒரேயோர் அமினோ அமிலம்தான். ஆயினும் இமாடினிப் மட்டுமன்றி டாசாடினிப், நிலோடினிப் ஆகியவையும் பயனற்றுப் போகின்றன. அவற்றை மாற்றி மாற்றிக் கொடுப்பது காலவிரயமே. இத்தகையோருக்குப் பொனாடினிப், அசிமினிப் ஆகியவை பரிசீலிக்கப்படுகின்றன.

பிறழ்வுற்ற மரபணுவின் பங்கு சுமார் 15 முதல் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால், வழக்கமான சாங்கர் முறையில் அது தென்படாமல் போகலாம். அதைக் கண்டறிய அடுத்த தலைமுறை வரிசைப்படுத்தல் முறை உதவுகிறது.