ஏழு மணிச் சங்கும் வகுப்பு வாட்ஸ்அப்பும்

புனேயின் பல பள்ளிகளில் வீட்டுப்பாடம் இப்போது வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது தற்காலிகமாகத் தொடங்கிய ஏற்பாடு இது. பள்ளிகள் திறந்த பிறகும் நிலைத்துவிட்டது. குழுவில் இருப்பது பெற்றோரின் எண். போன் இருப்பது பிள்ளையின் கையில். தாயும் தந்தையும் ஹிஞ்ஜவாடி ஐ.டி. நிறுவனங்களிலிருந்து வீடு திரும்ப இரவாகிவிடும் குடும்பத்தில் வேறு வழியும் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் "பிள்ளைக்குப் போன் கொடுக்காதீர்கள்" என்று சொல்லும் அதே பள்ளி, மறுநாள் கணக்குப் பாடத்தைப் போனுக்குத்தான் அனுப்புகிறது.

கிராமங்களிலும் நிலைமை வேறல்ல. பிரதம் அமைப்பின் 2024ஆம் ஆண்டு 'அசர்' ஆய்வு இந்திய ஊரகப் பகுதிகளில் 14 முதல் 16 வயது வரையுள்ளவர்களிடம் ஸ்மார்ட்போன் பற்றிக் கேட்டது. 82 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு அதை இயக்கத் தெரிந்திருந்தது. அவர்களில் முந்தைய வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம்.

சமூக ஊடக நிறுவனங்கள் வைத்திருக்கும் வேலி வயதுதான். இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்க 13 வயதாகியிருக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் வந்த 'டீன் அக்கவுண்ட்' முறைப்படி, 18 வயதுக்குட்பட்டோரின் கணக்கை அன்னியர் பார்க்க முடியாது. இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை அறிவிப்பு ஒலி எழாது. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும். பதிவு செய்த பிறந்த ஆண்டு உண்மையாக இருந்தால்தான் இவை எல்லாம் நடக்கும். சில வீடுகளில் பொய்யான ஆண்டைப் போட்டுக் கொடுப்பதே பெரியவர்கள்தான்.

நிறுவனங்களை நம்பியிராமல் தானே வேலி போட்ட ஊரும் உண்டு. புனே வருவாய்க் கோட்டத்தைச் சேர்ந்த சாங்லி மாவட்டத்தில், கடேகாவ் தாலுகாவில், மோஹித்யாஞ்சே வட்காவ் என்ற ஊர் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 3,000. கொரோனாக் காலத்துக்குப் பிறகு வகுப்புக்குத் திரும்பிய பிள்ளைகள் புத்தகத்தைத் தொடவே சுணங்கியதை ஆசிரியர்கள் கவனித்தார்கள். 2022 ஆகஸ்ட்டில் ஊர் ஒரு முடிவெடுத்தது. மாலை 7 மணிக்குக் கோயிலிலிருந்து சங்கு (சைரன்) ஒலிக்கும். அடுத்த ஒன்றரை மணி நேரம் எந்த வீட்டிலும் டி.வி. ஓடாது, போனும் எடுக்கக் கூடாது. 8.30 மணிக்கு மறுபடி சங்கு. முதலில் பலர் சிரித்தார்கள். சீரியல் பார்க்கும் பெண்களைக் கூட்டிப் பேசினார் ஊர்த்தலைவர் விஜய் மோஹிதே. ஆசிரியர்களும் அங்கன்வாடி, ஆஷா பணியாளர்களும் வீடுவீடாகப் போனார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் யவத்மால் மாவட்டத்துப் பான்சி கிராமம் இன்னொரு வழியில் போனது: 18 வயதுக்குட்பட்டோர் போன் பயன்படுத்தத் தடை, மீறினால் ரூ.200 அபராதம். இரண்டு ஊர்களின் கவலையும் ஒன்றுதான். ஆனால் பான்சியின் விதி பிள்ளைகளை மட்டுமே கட்டியது. வட்காவின் விதி அப்பாவின் கையிலிருந்த போனையும் கீழே வைக்கச் சொன்னது. தானே ரீல்ஸ் பார்த்துக்கொண்டு "படி" என்று சொல்லும் தகப்பனின் பேச்சு எடுபடாது என்பது பிள்ளை வளர்த்த எவருக்கும் தெரியும்.

கல்லூரியில் சிக்கல் வேறு. அங்கே கேள்வி எவ்வளவு நேரம் என்பதல்ல, என்ன பதிந்தார்கள் என்பது. 2025 மே மாதம், பாகிஸ்தானுக்கு எதிரான ஆபரேஷன் சிந்தூர் ராணுவ நடவடிக்கையின்போது, புனேயில் பொறியியல் படித்த 19 வயது மாணவி அதை விமர்சிக்கும் ஒரு பதிவை இன்ஸ்டாகிராமில் மறுபகிர்வு செய்தார். எதிர்ப்பு கிளம்பியதும் நீக்கி மன்னிப்பும் கேட்டார். கல்லூரி அவரிடம் விளக்கம் கேட்காமலே வெளியேற்றியது; போலீஸ் கைது செய்தது. மே 27 அன்று மும்பை உயர் நீதிமன்றம் அவரை அன்றே ஜாமீனில் விடுவிக்க உத்தரவிட்டு, மீதித் தேர்வுகளை எழுதுவதற்காக வெளியேற்ற ஆணையையும் நிறுத்திவைத்தது. தன் தரப்பைச் சொல்ல மாணவிக்கு வாய்ப்பு தரவில்லை என்பதே கல்லூரி மீது நீதிபதிகள் கண்ட முக்கியக் குறை. பதிவு சரியா தவறா என்பதில் கருத்து மாறலாம். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பது ஆசிரியரின் முதல் வேலை என்பதில் மாற முடியாது.

பொறுப்பை நிறுவனங்கள் பக்கம் திருப்பும் சட்டங்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் முக்கிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. தண்டம் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை, நிறுவனத்துக்குத்தான், 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தையும் தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் உண்டு.

சட்டம் ஒருபுறமிருக்க, இணையத்தில் மிரட்டல், படம் வைத்துப் பணம் பறித்தல், போலிக் கணக்கு என்று சிக்கல் வந்துவிட்டால் பல பெற்றோர் பதறிப்போய் முதலில் கணக்கை அழித்துவிடுகிறார்கள். அதோடு சாட்சியமும் போய்விடுகிறது. திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற எண்ணையும், பிள்ளைக்கு உதவி வேண்டுமென்றால் 1098 என்ற எண்ணையும் அழைக்கலாம். சிறார்களின் ஆபாசப் படம் சம்பந்தப்பட்டதென்றால் அதை வகுப்புக் குழுவிலோ வேறு ஆசிரியருக்கோ அனுப்பக் கூடாது. அந்தப் படத்தைப் பரப்புவதே போக்சோ, தகவல் தொழில்நுட்பச் சட்டங்களின்படி குற்றம்.